கோட்டுக்குக் கீழே இறங்கிய குடல்

என் அக்கா புருஷனுக்குக் குடல் இறங்கிவிட்டது என்பதில் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. இறங்கிய குடல் யாருடைய பொறுப்பு என்பதில்தான் தகராறு.

மாமாவுக்கு வேலை, வீடு மாறுகிறவர்களின் சாமான்களைத் தூக்கி இறக்குவது. அந்த லாரியை ஓட்டுகிறவன் நான். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு இரும்பு பீரோவை இறக்கிக்கொண்டிருந்தபோது, கீழ்ப்பக்கம் பிடித்திருந்த மாமா திடீரென்று, "ஏதோ கழண்டுடுச்சு மாப்ள" என்றார். பீரோக் கதவுதான் கழன்றுவிட்டதென்று நான் பாய்ந்து கதவைப் பிடித்தேன். பீரோ ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கியது. மாமாதான் சேதம்.

வலது தொடையும் வயிறும் சேருகிற மடிப்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும். நின்றால் வெளியே வரும். இருமினால் துள்ளும். தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். "குடல் இறங்கியிருக்கு. உள்ள போயிட்டு வர்ற வரைக்கும் பயமில்ல. ஒருநாள் வெளியவே மாட்டிக்கிச்சுன்னா ரத்த ஓட்டம் நின்னுடும். அப்புறம் சில மணி நேரம்தான். குடல் அழுகி, ஆளே போயிடுவார். அதுக்கு முன்னாடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தைச்சுக்குங்க" என்றார்.

அக்கா பஸ் கண்டக்டர். நெரிசலில் கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடுகிற குரல் அவளுக்கு. அன்றைக்கு அந்தக் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னடா பண்ணுவேன்?" என்று புருஷனை 'டா' போட்டுக் கேட்டாள். மாமா சிரித்தார். சிரித்ததில் வீக்கம் இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் புது டீன் வந்து, மனித உடம்பை எப்படிப் படைத்திருக்கிறதோ அப்படியே நிர்வாகம் செய்வது என்று முடிவெடுத்திருந்த சமயம் அது. தலை பிளாக், கழுத்து பிளாக், மார்பு பிளாக், கை பிளாக், வயிற்று பிளாக், கால் பிளாக் என்று கட்டடங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை உட்கார்த்தியிருந்தார்கள். கால் பிளாக்குக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டடம். அதற்குப் பலகையில் வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. ஜனங்கள் ஒண்ணுக்கு பிளாக் என்றார்கள். டாக்டர்களும் அப்படித்தான் சொன்னார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

உள்ளே நுழைந்ததும் எல்லைக் கவுண்டர். அங்கே சட்டையைக் கழற்றச் சொல்லி, உடம்பில் ஊதா மையால் எல்லைக் கோடு போடுவார்கள். நூலை இடுப்பெலும்பின் முனையில் ஒரு கையால் பிடித்து, நடுவில் கீழே இருக்கும் எலும்பின் முனை வரைக்கும் இழுத்து, அதன் மேல் மையை ஓட்டினால் வயிற்றுக்கும் காலுக்கும் எல்லை. மாமாவுக்குக் கூச்சம் அதிகம். நெளிந்ததில் கோடு வளைந்துவிட்டது. கோடு போடுகிற பெண் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்துவிட்டு, "அசையாதீங்க. கோணலா விழுந்துச்சுன்னா அப்புறம் பத்து வருஷத்துக்குக் கேஸ் நடக்கும்" என்றாள்.

"எங்க வலி? ஒரு விரலால காட்டுங்க."

மாமா உள்ளங்கையை வைத்தார்.

"உள்ளங்கையெல்லாம் கூடாது. ஒரு விரல், ஒரு டோக்கன்."

எங்களுக்கு முன்னால் போன பெரியவர் ஒருவர், உடம்பெல்லாம் வலிக்கிறது என்று வாயை விட்டுவிட்டார். எல்லா பிளாக்குக்கும் டோக்கன் கொடுத்திருந்தார்கள். அவற்றை விரித்து விசிறிக்கொண்டு, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் படியில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த மாமா பயந்துபோய், கவனமாக ஒரு விரலைக் கோட்டுக்கு மேலே வைத்தார். வயிற்று பிளாக் கிடைத்தது.

வயிற்று பிளாக்கில் நோயாளியைப் படுக்க வைத்துத்தான் பார்ப்பார்கள். அது அவர்கள் மரபு. மாமா படுத்தார். வீக்கம் உள்ளே போய்விட்டது. வயிற்று டாக்டர் தடவிப் பார்த்து, தட்டிப் பார்த்து, "இங்க ஒண்ணுமே இல்லையே" என்றார்.

"இருமினா வரும் டாக்டர்" என்றாள் அக்கா.

வயிற்று டாக்டர் சட்டென்று கதவைப் பார்த்தார். "மெதுவா பேசும்மா. இருமல் மார்பு பிளாக்குக்குச் சொந்தம். நான் இங்க ஒருத்தரை இரும வெச்சேன்னு தெரிஞ்சா அத்துமீறல்னு எழுதிடுவாங்க. போன மாசம் விக்கலுக்கே விளக்கம் கேட்டாங்க."

"அப்ப அவரே தானா இருமுனா?"

"தானா வந்தா அது நோய். அப்பவும் மார்பு பிளாக்தான்."

மாமாவுக்கு அந்த நேரம் பார்த்துத் தொண்டை அரித்தது. பாவம், கண்ணில் தண்ணீர் வர அடக்கிக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, டாக்டரும் நல்ல மனுஷன்தான். ஒரு இருமலை முறைப்படி இரவல் கேட்டு மார்பு பிளாக்குக்கு எழுதிப் போட்டார். அந்தப் பதில் வருவதற்குள் எலுமிச்சம்பழம் கத்தரிக்காய் ஆகிவிட்டது. மாமா வேலைக்குப் போகவில்லை. வீட்டில் யாராவது தாளித்தால்கூட, நெடி ஏறித் தும்மல் வந்துவிடுமோ என்று பதறிப்போய் அக்கா ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

கடைசியில் இருமல் வந்தது. மார்பு பிளாக்கிலிருந்து ஒரு நர்ஸ் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வந்து மாமாவின் தலைமாட்டில் நின்றார். "ஒரு இருமல்தான் அனுமதி. வறட்டு இருமல். சளி வந்துச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்று அறிவித்துவிட்டு, "ம்" என்றார். மாமா இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து இருமினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வீக்கம் துள்ளி வந்து ஊதாக் கோட்டைத் தாண்டிக் கீழே விழுந்தது.

வயிற்று டாக்டரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பார்த்தீங்களா? கோட்டுக்குக் கீழ! கால் பிளாக்!" என்று மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கால் பிளாக்கில் நிற்க வைத்துத்தான் பார்ப்பார்கள். கால் நிற்பதற்காக ஏற்பட்டது. கால் டாக்டர் முட்டி போட்டு உட்கார்ந்து வீக்கத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "இருக்கிறது எங்க எடத்துலதான். ஆனா பொறந்த ஊரு இது இல்ல. வயித்துலேர்ந்து வந்து இங்க தங்கியிருக்கு. வாடகைக்கு வந்தவனுக்கெல்லாம் வீட்டுக்காரன் வைத்தியம் பார்க்க முடியுமா?" என்றார்.

"வாடகைக்கு வந்தவன் செத்தா வீட்டுக்காரனுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டாள் அக்கா.

"உணர்ச்சிவசப்படாதீங்க. உணர்ச்சி தலை பிளாக்."

அவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குடல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, எந்த ஆம்பளையும் நாலு பேர் முன்னால் விரல் வைத்துக் காட்ட விரும்பாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கால் டாக்டர் ஒரு அடி பின்வாங்கினார். "ஆங், இப்ப எனக்கும் இல்ல. ஒண்ணுக்கு பிளாக்."

ஒண்ணுக்கு டாக்டர் சங்கோஜப் பேர்வழி. திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டிப் பரிசோதித்தார். "பை என்னுது. பையில இருக்கிற சரக்கு என்னுது இல்ல" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததை ஒவ்வொரு நாளாகச் சொன்னால் எனக்கே ரத்தக் கொதிப்பு ஏறும். காலையில் மாமா வயிற்று பிளாக். மத்தியானம் கால் பிளாக். சாயங்காலம் ஒண்ணுக்கு பிளாக். குடல் நகர நகர நாங்கள் பின்னாலேயே ஓடினோம். நாங்கள் போய்ச் சேருவதற்குள் அது வேறு இடத்துக்குப் போயிருக்கும். கடைசியில் மூன்று தலைவர்களும் ஒருவர் மேல் ஒருவர் புகார் எழுதிப் போட, டீன் எல்லைத் தீர்ப்பாயம் கூட்டினார்.

தீர்ப்பாயம் மாணவர்கள் உட்காருகிற பெரிய ஹாலில் நடந்தது. மேடையில் மாமா நின்றார். இடுப்புக்கு மேலே சட்டை இருந்தது. கீழே ஊதாக் கோடு மட்டும்தான். வரிசை வரிசையாகப் பிள்ளைகள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். மாமா சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டைப் பார்த்தபடியே நின்றார்.

முதலில் டீன் பேசினார்.

"முன்னாடியெல்லாம் இந்த ஆஸ்பத்திரியில டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒரே குழப்பம். யாருக்கு எது பொறுப்புன்னே தெரியாது. வர்றவங்களை அவங்க பாட்டுக்குக் குணப்படுத்தி அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. யாரு குணப்படுத்துனதுன்னு கேட்டா பதில் இல்ல! இன்னிக்கு அந்த நிலைமை மாறியிருக்கு. இன்னிக்கு இங்க யாரும் யாரையும் குணப்படுத்துனதா ஒரு புகார்கூடக் கிடையாது."

கைதட்டல். அடுத்து உடற்கூறுப் பேராசிரியர் எழுந்தார். கோடுகளை எல்லாம் வகுத்துக் கொடுத்த மகான் இவர்தான். கையில் ஒரு நீளக் குச்சி. அதன் நுனியால் மாமாவைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்.

"முப்பது வருஷமா உடம்பு சொல்லிக்கொடுக்கறேன். என் மேஜையில வந்து படுத்த ஒரு உடம்பாவது கோட்டைத் தாண்டுனது உண்டா? கிடையாது. எது எங்க இருக்கணுமோ அங்க இருக்கும். புஸ்தகம் எப்படியோ அப்படி. பிரச்சனையெல்லாம் இந்த உயிரோட இருக்கிறவங்கதான். மூச்சு விடறாங்க. சிரிக்கறாங்க. பாரம் தூக்கறாங்க. உள்ள இருக்கிறது இடம் மாறாம என்ன பண்ணும்? உடம்புல தப்பே இல்ல. உயிருதான் தப்பு."

பிள்ளைகள் கடைசி வாக்கியத்துக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவன், "பரிட்சையில வரும்" என்றான்.

அப்போதுதான் மாமாவின் முகம் மாறியது. நெற்றியில் வியர்வை. இரண்டு கையாலும் வீக்கத்தை உள்ளே தள்ளிப் பார்த்தார். போகவில்லை. மேடையிலேயே படுத்துக்கொண்டு தள்ளினார். அசையவே இல்லை. "மாப்ள, கல்லாட்டம் ஆயிடுச்சு" என்றார். அடுத்து மேடையில் வாந்தி எடுத்தார்.

"வாந்தி எந்த பிளாக்?" என்று கேட்டார் டீன்.

"புறப்படறது வயிறு, வெளிய வர்றது வாய்" என்றார் பேராசிரியர். "நல்ல கேள்வி."

வயிற்று டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் மெதுவாக எழுந்து, "சார், குடல் மாட்டிக்கிச்சு. உடனே திறக்கலைன்னா அழுகிடும்" என்றார்.

"அப்ப உங்க கேஸ்னு ஒத்துக்கறீங்களா?" என்றார் கால் டாக்டர்.

வயிற்று டாக்டர் உட்கார்ந்துவிட்டார். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும் மாமா செத்துக்கொண்டிருக்கிறார் என்று. டீன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் வாக்கெடுப்பு என்றார்.

அக்கா மேடையில் ஏறினாள்.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க!" என்று ஒரு குரல் விட்டாள். நின்றார்கள். "என் புருஷனைத் துண்டு துண்டாப் பார்த்தீங்களே, அவரை முழுசாப் பார்க்க இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தன் இல்லையா?"

கதவோரம் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நின்ற வார்டு ஆள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "முழு ஆள்னா… பிணவறையிலதான்க்கா பார்ப்பாங்க. அங்கதான் கோடு கிடையாது" என்றார்.

"தள்ளு" என்றாள் அக்கா.

மாமாவை ஸ்ட்ரெச்சரில் போட்டோம். நான் முன்னால் இழுக்க, அக்கா பின்னால் தள்ள, நிறம் நிறமான கட்டடங்களை எல்லாம் கடந்து ஓடினோம். மாமா முனகிக்கொண்டே, "எந்த பிளாக் போறோம்?" என்று கேட்டார். பலகையைப் படித்ததும் அவரே தெரிந்துகொண்டார். "கொஞ்சம் அவசரப்படறீங்களோன்னு தோணுது" என்றார்.

பிணவறை டாக்டர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். மாமா அவருக்கு வணக்கம் சொன்னார்.

"அம்மா, என்கிட்ட வர்றதுக்கு ஒரே ஒரு தகுதிதான் வேணும்" என்றார் டாக்டர். "இவருகிட்ட அது இன்னும் இல்ல."

"சாயங்காலத்துக்குள்ள வந்துடும்யா. அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும். வேற எங்கயும் இவரை முழுசா எடுத்துக்க மாட்டேங்கறாங்க."

சொல்லிவிட்டு அக்கா ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையை அடக்கவில்லை. டாக்டர் பழத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து வீக்கத்தில் கை வைத்தார். சிரிப்பு போய்விட்டது. "எப்ப மாட்டுனது?" என்றார். "அவங்க பேசிக்கிட்டு இருக்கும்போது" என்றேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் போனை எடுத்தார். மூன்று பிளாக்குக்கும் போன் போட்டு, மூன்று பேரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்.

"பிணவறையிலேர்ந்து பேசறேன். உங்க ஆள் ஒருத்தர் வந்திருக்கார். இன்னும் உயிர் இருக்கு. நாளைக்குக் காலையில நான் இவரைத் திறந்து பார்த்து, எந்த எடத்துல குடல் செத்துது, யாரு எடத்துல செத்துது, ஏன் செத்துதுன்னு எழுதணும். நான் எழுதுனா அதுக்கு மேல தீர்ப்பாயம் கிடையாது. சும்மா முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்னு கூப்பிட்டேன்."

மூன்று பேரும் ஓடி வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை நாள் என்னுது இல்லை, என்னுது இல்லை என்றவர்கள், அவரவர் எல்லைக்குள் இந்த ஆள் செத்துவிடக் கூடாதே என்று மாமாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். கால் டாக்டரே ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார். ஆபரேஷன் தியேட்டரில் மூன்று பேரும் ஒன்றாகவே நின்றார்கள். வயிற்று டாக்டர் கத்தியை வைத்தார். மற்ற இருவரும் விலக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே நானும் அக்காவும். அவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு விரல் மரத்துப்போயிற்று. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் வார்டு ஆள் எட்டிப் பார்த்து, "கறுத்துப் போயிருந்ததுக்கா. வெந்நீர்த் துணி போட்டு வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. இப்ப சிவக்குது. குடல் பொழச்சிடுச்சு" என்றார். நான் அங்கேயே, அத்தனை பேர் நடமாடுகிற நடையில், சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதேன்.

மாமா வீட்டுக்கு வந்தார். தையல் பிரிக்கிற நாளும் வந்தது. தையல் ஊதாக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதால், மேல் பாதியை மட்டும் பிரிப்போம் என்றது வயிற்று பிளாக். அக்கா மாமாவை நேரே பிணவறைக்கு நடத்திக்கொண்டு போனாள்.

போனால் அங்கே கூட்டம். வாசல் பெஞ்சு நிறைந்து, மரத்தடி வரைக்கும் ஜனங்கள். எல்லோரும் உயிரோடுதான் இருந்தார்கள். ஒரு அம்மாவுக்குக் கழுத்தில் பிடித்துத் தோள் வழியாக விரல் வரைக்கும் இழுக்கிறதாம். ஒரு லாரிக்காரருக்கு இடுப்பில் ஆரம்பித்துக் குதிகால் வரை மின்சாரம் மாதிரி ஓடுகிறதாம். உள்ளே செத்தவர்கள் அவர்கள் பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

வரிசையின் கடைசியில் டீன் நின்றுகொண்டிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"என்ன சார் இங்க?" என்றாள் அக்கா.

"நெஞ்சுல ஆரம்பிச்சு இடது கைக்கு இறங்குதும்மா. மார்பு பிளாக்ல போனேன், கையைக் கை பிளாக்ல முடிச்சுட்டு வாங்கன்னாங்க. கை பிளாக்ல, நெஞ்சுலேர்ந்து வந்த வலியை எடுத்துக்க மாட்டாங்களாம்." மூச்சு வாங்கியது. "விதி அப்படித்தான். நான்தான் போட்டேன்."

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்பாள் என்று காத்திருந்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது. அவள் அவர் கையைப் பிடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "வழி விடுங்க! வழி விடுங்க! எல்லாரும் ஒதுங்குங்க, இவர் முதல்ல போகட்டும்!" என்று குரல் கொடுத்தாள். ஜனம் இரண்டாகப் பிரிந்தது.

பிணவறை டாக்டர் கதவைத் திறந்து பார்த்தார். "அடடே, டீன் சாரா? எந்த இடம் சார்?"

டீன் வாயைத் திறந்தார்.

"எல்லா இடமும் நான்தான்யா" என்றார்.

அக்கா அவரை உள்ளே ஏற்றிவிட்டாள்.